இரண்டு ஈக்களுக்கு ஒரு பெயர்

சேற்றில் குப்புறப் படுத்திருக்கும்போது ஹரப்ரியா மகாபாத்ர யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, வாயில் ரப்பர் குழாய் இருக்கும். அதன் மறுமுனை ஒரு கண்ணாடிச் சிமிழுக்குள் போகிறது. சிமிழிலிருந்து புறப்படும் இன்னொரு குழாய் அவர் விரல்களுக்கிடையில் சேற்றின் மேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். மார்புக்கடியில் ஓர் உரச்சாக்கு, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை, வியர்வையில் வழிந்து மூக்குக்கண்ணாடிவரை வந்துவிட்ட குங்குமம். தண்ணீர் இப்போதுதான் விட்டுப்போன பளபளப்பான மண்ணில் எள்ளைவிடச் சற்றே பெரிதாக ஒன்று நடக்கிறது. சடக்கென்று ஓர் உறிஞ்சல். அது சிமிழுக்குள் வந்துவிடும். அப்புறம்தான் குழாயை எடுத்துவிட்டுத் திரும்பி, "இப்பச் சொல்லு, என்ன கேட்டே?" என்பார். கேட்டவருக்குக் கேள்வி மறந்திருக்கும்.

எங்கள் ஊர் பெண்கள் கல்லூரியில் அவர் விலங்கியல் நடத்துகிறார். நான் ஒடியா இலக்கியம். குடியிருப்பதும் அடுத்தடுத்த வீடுகளில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சிலிகா ஏரிக்குப் போய்வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான் போவது காற்றுக்கு. அவர் போவது ஈக்கு.

ஈ என்றதும் முகத்தைச் சுளித்தால் அவருக்குக் கோபம் வரும். வீட்டு ஈயை அவரும் அடிப்பார், குறி தப்பாமல். "இது எச்சிப்பொறுக்கி. சாக்கடையில உக்காரும், சோத்துல உக்காரும். எங்காளுங்க அப்படியில்ல. கரையில பொறந்து, கரையில கெடைக்கிற புழுவத் தின்னு, கரையிலயே செத்துப்போறவங்க. யார் எலையிலயும் வந்து உக்கார மாட்டாங்க." கல்யாணப் பந்தி ஒன்றில் இதை விளக்கமாகச் சொல்லப்போய், எதிரில் இருந்த சம்பந்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். ஹரப்ரியா அதைக் கவனிக்கவேயில்லை. அவருக்குப் பாயசத்தில் முந்திரி கிடைத்திருந்தது.

அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் எதையும் முகர்ந்து பார்க்காமல் எடுக்கக் கூடாது. மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்திலேயே ஸ்பிரிட்டில் மிதக்கும் ஈச்சிமிழ்கள் வரிசையாக நிற்கும். புடவைகளில் எப்போதும் இரசகற்பூர வாசனை. ஏரித் தண்ணீரைக் கண்டால் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொள்வார். "இன்னிக்கு உப்பு தூக்கல்" என்பார், யாரோ சமைத்த குழம்பைச் சொல்வதுபோல.

எங்கள் பேச்சில் மீனுக்கு மாச்ச, ஈக்கு மாச்சி. நுனியில் ஓர் எழுத்துத்தான் வேறு. முதன்முதலாக அவர் குந்தளா பெஹராவிடம் படகு கேட்கப்போனபோது நானும் கூட இருந்தேன். குந்தளாவின் புருஷன் சூரத்தில் தறி ஓட்டுகிறான். துர்கா பூஜைக்கு வந்தால் உண்டு. பொம்பளை படகில் நின்று கழி போடுவதா என்று மீனவக் குப்பம் முணுமுணுத்தபோது, "அப்ப நீ வந்து எனக்குச் சோறு போடு" என்று கேட்டு வாயை அடைத்தவள்.

"மாச்சி பிடிக்கணும், படகு வருமா?" என்றார் ஹரப்ரியா.

"ஏரி பூராவும் மாச்சதான் தீதி. இறாலா, மடவையா?"

"மாச்ச இல்லம்மா, மாச்சி. ஈ."

குந்தளா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு எதுக்கு தீதி படகு? எங்க கருவாட்டுப் பந்தலுக்கு வந்து வாயத் தொறந்துக்கிட்டு நில்லுங்க. தானா உள்ள வரும்."

அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

அந்தக் குந்தளாவின் படகுத்துறையில்தான் முதல் ஈ அகப்பட்டது. செம்புத் தகடு ஒட்டியதுபோல முகம். முன்னங்கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமன். மடக்குக் கத்திபோல மடங்கி, உள்விளிம்பில் முள் வரிசை. அந்தக் கால்களை அது அடிக்கடி முகத்துக்கு நேரே தூக்கி விரிக்கும், யாரையோ கூப்பிடுவதுபோல. ஹரப்ரியா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் என் காதருகே வந்து, "இதுக்கு இன்னும் பேரில்ல" என்றார். பிள்ளை பெற்ற வீட்டில் பேசுகிற குரல்.

சில மாதம் கழித்து ஏரியின் எதிர்க்கரையில், கோரை மண்டிய திட்டில், இன்னொன்று கிடைத்தது. அதே உடம்பு, அதே கால்கள். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. தொடை முள்ளிலும் வித்தியாசம் இருந்தது. கல்கத்தாவில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் அனிமேஷ் லாஹிரிக்கு இரண்டையும் அனுப்பினார். அனிமேஷ் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஈக்களின் உலகத்தில் பெரிய கை. பார்த்துவிட்டு, "ரெண்டுமே புதுசு. சேர்ந்து எழுதுவோம்" என்றார். துறையில் எத்தனை தேடியும் செம்முகத்தில் பெண்தான் கிடைத்தது. திட்டில் வெண்முகத்தில் ஆண்தான் கிடைத்தது. மற்றது எங்கேயாவது இருக்கும், தேடுவோம் என்று விட்டுவிட்டார்கள்.

பெயர்களை அவர் அப்போதே சொல்லிவிட்டார். செம்முகத்துக்கு, அது கிடைத்த துறைக்கு உரியவள் என்று குந்தளாவின் பெயர். வெண்முகத்துக்குத் தன் கணவர் பெயர்.

கணவர் பைகுண்ட பாபு ரயில்வேயில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கப் பாலமும் மதகும் வரைந்தவர். ஞாயிறுகளில் எங்களோடு வந்து, ஈக்கள் மேல் நிழல் விழாத தூரத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. ஹரப்ரியா வங்கியில்கூட எழுதிக்காட்டுவாரே தவிரச் சொல்லமாட்டார். குந்தளாவுக்கு அது போதாதா?

"ஏன் தீதி, நாளைக்கு அந்த ஈயப் பாத்தா எப்படிக் கூப்பிடுவீங்க? 'ஏங்க, கேட்டீங்களா'ன்னா?"

"லத்தீன்ல சொன்னாத் தோஷமில்ல" என்றார் ஹரப்ரியா. சொல்லும்போது முகம் சிவந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

குந்தளா குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சூரத்துக்கும் செய்தி போனது. "உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் எம்பேரச் சொல்லித்தான் அந்த ஈயக் கூப்பிடணுமாம்" என்று கருவாடு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பைகுண்ட பாபு யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மாலையில் ரயில் நிலைய பெஞ்சில் கூடும் ஓய்வூதியக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

சாவித்திரி நோன்பு வந்தது. கல்யாணமான பெண்கள் புருஷனின் ஆயுசுக்காகச் சோறு தொடாமல் இருக்கும் நாள். காலையில் பூஜை முடித்து, கையில் நூல் கட்டி, வீட்டுக்காரர் காலில் விழுந்து எழுந்து, கல்லூரி விடுமுறையென்று நானும் அவரும் புதுப்புடவையோடு எதிர்க்கரைத் திட்டுக்குப் போனோம். மழை வந்தால் திட்டு முழுகிவிடும். அதற்குள் போகிறவரை லாபம். கழி போட்ட குந்தளாவுக்கும் விரதம். மற்ற நாளாக இருந்தால் உச்சிவேளையில் படகு நிழலில் உட்கார்ந்து, கத்தரிக்காய் சுட்டுப் பிசைந்து, கருவாட்டோடு பகாளா சாப்பிட்டுக்கொண்டிருப்போம். பகாளா என்பது எங்கள் ஊர்த் தண்ணீர்ச் சோறு; உள்ளே போனால் தூக்கம்தான். அன்று சோறில்லை. அதனால் உச்சி வெயிலில் ஹரப்ரியா புதுப்புடவையோடு சேற்றில் படுத்திருந்தார்.

நெடுநேரம் அசைவில்லை. குழாய் வாயில் இருக்கிறது, உறிஞ்சவில்லை. பயந்துபோய் நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். கையைப் பின்னால் நீட்டி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். ஈரச் சேற்றில் ஒரு வெண்முகம் முன்னங்கால்களை விரித்துத் தூக்கியது. அதற்கு எதிரே ஒரு செம்முகம் நின்றது. திட்டில் ஒருநாளும் பார்க்காத செம்முகம். அதுவும் கால்களைத் தூக்கியது. இது தூக்க, அது தூக்க, வெகுநேரம் பேசிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு வெண்முகம் சுற்றிவந்து அதன் முதுகில் ஏறியது.

இரண்டையும் சேர்த்தே சிமிழில் பிடித்தார். எழுந்து உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்கள் திட்டில் இடம் பிடித்துக் காத்திருக்கின்றன. பெண்கள் உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் வந்துவிட்டு, முட்டையிடத் துறைக்கே திரும்பிவிடுகின்றன. அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் இத்தனை நாளும் பகாளா சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்.

படகு நடு ஏரிக்கு வந்ததும்தான் சொன்னார். "குந்தளா, ரெண்டும் வேற வேற இல்லம்மா. ஒரே இனம். ஒண்ணு ஆண், ஒண்ணு பொண்ணு."

குந்தளா கழியை ஊன்றியபடியே யோசித்தாள். யோசனை முடிந்ததும் அவளுக்கு வந்த சிரிப்பில் படகு ஆடியது. "ஐயோ, ஏரியக் காக்கற தாயே காளிஜாயி! சாவித்திரி நோன்பன்னிக்கு எனக்கு ரெண்டாம் கல்யாணமா! அதுவும் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்ட மனுஷனோடயா!" எனக்கும் அடக்க முடியவில்லை. பசி மயக்கம் வேறு. ஹரப்ரியாகூடச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் குந்தளா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப... பேரு ஒண்ணுதான் இருக்கும். இல்லியா தீதி?"

ஹரப்ரியா பதில் சொல்லவில்லை. வாயில் குழாயும் இல்லை.

அனிமேஷ் தொலைபேசியில் பேசியபோது ஹரப்ரியா இடுக்கியும் கையுமாக இருந்தார்; ஒலிபெருக்கியில் போட்டுவிட்டதால் எனக்கும் கேட்டது.

"ஒரு ஜோடியப் பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லாத ஹரப்ரியா. இனம் தவறிச் சேர்றதும் உண்டு."

"உண்டு. அதான் முட்டை விட வெச்சு வளக்கப் போறேன்."

"ரெண்டு புது இனம்னு நான் அறிக்கை குடுத்தாச்சு. மேலிடத்துல கைதட்டியும் ஆச்சு. உனக்கும் ரிட்டயர்மெண்டு நெருங்குது. ரெண்டு இனத்துக்குப் பேரு வெச்சுட்டுப் போறது நல்லதா, ஒண்ணோட போறது நல்லதா? அடுத்த அம்பது வருஷத்துக்கு அந்தச் சேத்துல உன்னத் தவிர எவன் வந்து படுக்கப் போறான்?"

"எவனோ ஒருத்தன் படுப்பான்ல. அவன் என்னத் திட்டக் கூடாது."

"அப்ப நீயே எழுதிக்கோ" என்றார் அனிமேஷ். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர்போலச் சொன்னார். அவருடைய பெரிய நுண்ணோக்கியில் எடுத்த படங்களும் அதோடு போயின.

சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டில் ஒன்று வந்து உட்கார்ந்தது. உள்ளே துறைச் சேறு, வாயில் மெல்லிய துணி. முட்டை பொரித்துக் குஞ்சுப் புழுக்கள் வந்ததும் அவற்றுக்கு உயிருள்ள இரை வேண்டும் என்றார். ஹரப்ரியா கிண்ணத்தோடு தெருவில் வீடுவீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் நெளியும் கொசுப்புழுக்களை வாங்கிவந்தார். தெருவே சந்தோஷப்பட்டது. பைகுண்ட பாபு மட்டும், "ஊரு புழுவ வெளிய கொட்டுது. இவ வீட்டுக்குக் கொண்டு வர்றா" என்றார்.

ஆனால் காலையில் செய்தித்தாளை விரிப்பதற்கு முன்னால் அவர் அந்த பாட்டிலைத்தான் பார்த்தார். கணக்கு எளிது. செம்முகத்தின் முட்டையிலிருந்து வருவதெல்லாம் செம்முகமாகவே இருந்துவிட்டால், இனம் இரண்டு என்று வாதாட இடமுண்டு. அவர் பெயர் பிழைக்கும். வெண்முகம் ஒன்று வந்தாலும் இரண்டு பெயரில் ஒன்று போச்சு. அவருக்கு அது தெரியும். கேட்டால் மட்டும், "தேள் கீள் வந்துடுச்சான்னு பாக்கறேன்" என்பார்.

முதல் ஈ செம்முகம். அடுத்ததும் செம்முகம். பைகுண்ட பாபு அன்று ரயில் நிலைய பெஞ்சுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் காலை, ஹரப்ரியா குளித்துக்கொண்டிருந்தார். நான் பால் வாங்க அவர்கள் வாசலைத் தாண்டினேன். ஜன்னல் வழியே பைகுண்ட பாபு தெரிந்தார். பாட்டிலுக்கு நேரே குனிந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டி நின்றிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். துணி மூடியின் முடிச்சு அவர் கையருகில்தான் இருந்தது; இழுத்தால் அவிழும் முடிச்சு. வீட்டில் வேறு யாரும் அந்தப் பக்கம் இல்லை.

நிமிர்ந்து, கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய்! குளிச்சது போதும், வா! வெள்ள மூஞ்சி ஒண்ணு வந்திருக்கு!"

சத்தம் கேட்டு நானும் உள்ளே போனேன். ஈரத் தலையோடு ஓடிவந்த ஹரப்ரியா பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். கூடவே இன்னொரு வெண்முகமும் சேற்றிலிருந்து அப்போதுதான் இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது. ஹரப்ரியாவுக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷமா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"ஆணோட உடம்பத்தான் மாதிரியா வைக்கறது வழக்கம்" என்று மெல்ல ஆரம்பித்தார். "அந்த வழக்கப்படி பாத்தா ஆணோட பேரயே..."

"முதல்ல யாருக்குச் சொன்னே?"

"குந்தளாவுக்கு."

"எந்தப் பேரு முதல்ல வெச்சதோ அதுதான் நிக்கும்னு உங்க சாஸ்திரத்துலயே இருக்குன்னு சொல்லுவியே."

"அது அச்சுல வந்த பேருக்குங்க."

"அந்தப் பொம்பள குப்பம் பூரா சொல்லியாச்சு. அச்சாவது ஒண்ணாவது." செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அப்புறம், தாளுக்குப் பின்னாலிருந்து, "லத்தீன்ல சொல்றேன்னு சொன்னே. அதுவும் போச்சு" என்றார்.

ஹரப்ரியா ஈரத் தலையைத் துவட்டாமலே சமையலறைக்குள் போய்விட்டார். நான் பால் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

அதன்பிறகு சில ஞாயிறுகள் பைகுண்ட பாபு ஏரிக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். உண்மையில் குப்பத்தில் அவரைக் கண்டால், "குந்தளா, உன் ஈக்காரர் வர்றாரு" என்று இளவட்டங்கள் குரல் விட்டன. பெஞ்சிலும் கேலிதான். குந்தளா ஒருநாள் ஒரு பெரிய நண்டுக் கூடையோடு நேரே அவர் வீட்டுக்கே வந்தாள். வாசலில் நின்று உரக்கச் சொன்னாள்: "அண்ணே, எம்பேரு லத்தீன்ல ரொம்ப நல்லாருக்காம். குந்தளாயேவாம். யாரோ அழற மாதிரி இருக்கு. உங்க பேரு தப்பிச்சுதுன்னு நெனச்சுக்குங்க. நண்ட உசிரோட ஆக்குங்க, செத்தா நாறும்." அவர் சிரித்துவிட்டார்.

கட்டுரைக்குப் படம் வேண்டியிருந்தது. ஹரப்ரியா பென்சிலில் வரைந்து பார்த்து அழித்து அழித்துத் தாளை ஓட்டை போட்டதை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த பைகுண்ட பாபு, அலமாரியின் மேலிருந்து தன் மைப்பேனாக்களை இறக்கினார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. "இந்தத் தொடையப் பாரு. பக்கத்துல முட்டுக் குடுத்து, எடையக் கீழ இறக்கி... எவன் போட்ட டிசைன் இது?" என்றார். செம்முகம் ஒன்று, வெண்முகம் ஒன்று, ஒரு முன்னங்கால், இறக்கை நரம்பு, ஆணின் வால்நுனி. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு கோடு. படத்தின் வலது மூலையில், வேலைப் பழக்கத்தில், தன் பெயரின் முதலெழுத்துகளை மிகச் சின்னதாகப் போட்டுவிட்டார். ஹரப்ரியா ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் முழுத் தாளையும் மறுபடி தட்டச்சு செய்கிறவர். பத்திரிகைக்காரர்கள், மூலையில் ஏதோ கிறுக்கல் இருக்கிறது, நீக்கவும் என்று எழுதினார்கள். "அது படத்தின் பகுதி" என்று பதில் போட்டார். இன்னும் அங்கேயே இருக்கிறது.

கட்டுரை ஏற்கப்பட்டது. இணைசேர்கையில் பிடித்த அந்த ஜோடியைத் தேசிய சேகரத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்றார்கள். இனி யார் அந்த ஈயை அடையாளம் காண வேண்டுமானாலும் அந்த இரண்டையும்தான் பார்த்தாக வேண்டும். ஒரே ஊசியில், மேலும் கீழுமாக இரண்டு அட்டைத் துண்டுகளில் ஒட்டியிருந்தார். சிமிழுக்குள் பஞ்சு, சிமிழைச் சுற்றிப் பஞ்சு, பெட்டிக்குள் பெட்டி. நான்தான் அவரோடு அஞ்சலகத்துக்குப் போனேன்.

"உள்ள என்ன மேடம்?" என்றார் எழுத்தர்.

"ஈ."

"எது?"

"ரெண்டு ஈ. காலு ஒடிஞ்சுரும், பாத்து."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, எல்லாப் பொட்டலத்துக்கும் செய்வதுபோல, முத்திரைக் கட்டையை மைத்துணியில் ஒரு குத்து குத்திக் காதுவரை ஓங்கினார்.

ஹரப்ரியாவின் கை எப்போது ஜன்னல் கம்பிக்கடியில் நுழைந்தது என்று எனக்குத் தெரியாது. முத்திரை சொத்தென்று அவர் புறங்கையில் விழுந்தது. தேதியும் ஊர்ப்பெயரும் தோலில் கறுப்பாகப் பதிந்தன. "ஐயோ மேடம்!" என்றார் எழுத்தர். ஹரப்ரியா கையை எடுக்கவில்லை. விரல்களை இன்னும் கொஞ்சம் அகட்டி, பெட்டியை முழுக்க மூடிக்கொண்டார்.